பொருந்தாத குழாய்

அப்பாவின் அம்பாசடர் என்னிடம் இருக்கிறது. 2014ல் அதன் உற்பத்தியே நின்றுபோயிற்று. பழைய சைலன்சர் துருவில் உதிர்ந்துவிட, சென்னைப் புதுப்பேட்டையில் வேறொன்று வாங்கினேன். பொருந்துகிற மாதிரி இருந்து பொருந்தாத ஜாதி. எஞ்சின் பக்கத்து போல்ட்டுகளை முதலிலேயே இறுக்கினேன். வால்குழாய் அடித்தட்டில் இடித்தது. கடப்பாரையால் நெம்பினேன். (என் விமர்சனங்கள் சிலவும் இவ்விதம் எழுதப்பட்டவைதாம்.) மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் தளர்த்தினார். "தொங்கட்டும் சார், அதுவா இடம் பாத்துக்கும்." ரப்பர்களில் தொங்கவிட்டு, அசைத்துப் பார்த்து, முன்னாலிருந்து பின்னுக்கு ஒவ்வொன்றாக இறுக்கினார். விரற்கடை இடைவெளி கிடைத்தது.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். தட்டல் இல்லை. தெருமுனையிலேயே அப்பாவைச் சொல்லிவிடும் அந்தச் சத்தமும் இல்லை. அதைக் கேட்டுத்தான் அம்மா காப்பிக்கு அடுப்பு மூட்டுவாள். வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தேன். "யாரு?" என்றாள் உள்ளிருந்து.