சித்தி சாப்பிடவில்லை

எங்கள் வீட்டில் தமிழில் எழுதிய எதுவும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. இன்லண்டு கடிதம் வந்தால் பிரிப்பது ஆச்சி, சத்தமாக வாசிப்பது மாமா, மாமா முழுங்கியதை எடுத்துச் சொல்வது பெரியம்மா. 1980களின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடந்த வீட்டில் யாருக்கும் தனி அறை கிடையாது. குமுதத்திலும் விகடனிலும் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகங்கள் பரண் முழுக்க இருந்தன. அவற்றை வாசித்த வேகத்தில் நானும் ஒரு கதை எழுதினேன். மாமா அதை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுதியிருந்தது சோகக் கதை.

அதற்குப் பிறகுதான் இங்கிலீஷுக்குப் போனேன். இங்கிலீஷ் நோட்டை விரித்து உட்கார்ந்தால் கிடைத்த மரியாதையே வேறு. தண்ணீர் எடுக்க யாராவது கூப்பிட்டால், “அவ இங்கிலீசு எழுதுதா, விடுங்க” என்று ஆச்சியே தடுத்துவிடுவாள். வீட்டுப்பாடம் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

தமிழ் மீடியத்தில் படித்தவளிடம் என்ன இங்கிலீஷ் இருக்கும்? பாடப்புத்தகம், நான்-டீடெயில் கதைகள், அண்ணனின் ரென் அண்ட் மார்ட்டின், அட்டை பிய்ந்த லிப்கோ அகராதி. எனக்குத் தெரிந்த வினைச்சொற்களுக்குள்தான் என் பாத்திரங்கள் நடமாட முடிந்தது. நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், கதவைத் திறந்தார்கள், தூங்கினார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து நொடித்துக்கொள்ள வழியில்லை. கோபம் வந்தவர் கதவைச் சாத்தலாம், அவ்வளவுதான். அரிவாள்மணை, சுளகு, ஆட்டுரல் எதற்கும் பெயர் தெரியாததால் கதையில் வந்த அடுக்களையில் ஒரு அடுப்பும் ஒரு பானையும் மட்டும் இருந்தன.

அந்த வருஷம் சித்தி எங்களோடு வந்து இருந்தாள். சித்தப்பா பம்பாயில். அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றிருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குச் சித்தி அரிசித் தட்டோடு திண்ணைக்கு வருவாள். கல் பொறுக்குகிற மாதிரி குனிந்திருப்பாள். சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இதைத் தமிழில் எழுதியிருந்தால் அவள் இதயம் சுக்குநூறாக உடைந்திருக்கும், கண்கள் குளமாகியிருக்கும். அப்படிப்பட்ட வரிகள் எனக்குள் வரிசையாக நின்றன. இங்கிலீஷில் அப்படி ஒரு வரிகூட என்னிடம் இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத முடிந்தது. சைக்கிள் போனது. சித்தி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஷி டிட் நாட் ஈட்.

எப்படியோ அவளுக்கு வாசனை தட்டிவிட்டது. “ஏட்டி, என்னயப் பத்தி என்னமோ எழுதியிருக்கியாமே, சொல்லு பாப்போம்” என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். திட்டு விழும் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு ரெண்டு தரம் மணி அடிச்சான்லா, அத விட்டுட்டியே. அதையும் எழுது” என்றாள். போகும்போது, “மாமாகிட்ட வாசிச்சுக் காட்டிராத” என்று சேர்த்துக்கொண்டாள்.

மணிச்சத்தத்தை எழுதியதும்தான் அது கதையானது.

பின்னால் நூலகத்தில் ஆர்.கே. நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ கிடைத்தபோது முதலில் சந்தேகம்தான் வந்தது. பெரும்பாலும் எனக்குத் தெரிந்த சொற்கள்! இதையா லண்டனில் அச்சடித்தார்கள்? பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததில் வெறுத்துப்போன நாராயண், கையெழுத்துப் பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு எழுதினாராம். நண்பர் நதிக்குப் போகாமல் கிரஹாம் கிரீனிடம் போனார். 1935இல் புத்தகம் வந்தது.

இரவல் மொழி என்றாலே எளிமை என்று விதி கிடையாது. போலந்துக்காரரான ஜோசப் கான்ராட், இருபது வயதுக்குப் பிறகு கப்பல்களில் வேலை பார்த்தபடி இங்கிலீஷ் கற்றவர். அவருடைய வாக்கியங்களோ அடர்ந்து பின்னிக் கிடக்கும். அயர்லாந்தின் சாமுவேல் பெக்கெட், இங்கிலீஷைக் கையில் வைத்துக்கொண்டே பிரெஞ்சுக்குப் போய் ‘கோதோ’ நாடகத்தை எழுதினார். தன் மொழி தானாக ஓடிவந்து உதவுவதே அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இப்போது தமிழில்தான் எழுதுகிறேன். சுளகும் ஆட்டுரலும் தாராளமாக வருகின்றன. ஆனால் ஒரு வரி ரொம்பச் சுலபமாக வந்து விழுந்தால், இதை அந்த நோட்டில், அந்த இங்கிலீஷில் எழுதியிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பேன். முடியாது என்றால், அந்த இடத்தில் நான் உண்மையில் எதைப் பார்த்தேன் என்று மறுபடி யோசிக்கத் தொடங்குவேன்.