விளையாட ஒரு கணினி

ஏழை வீட்டுப் பிள்ளை கணினி வேண்டுமென்று கேட்டால், ஆசிரியர்களாகிய நாம் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "படிக்கத்தானே?" ஆமென்று அவன் சொன்னால் அவனுக்காகப் பரிந்து பேசுவோம், விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம், கொடையாளரைத் தேடி அலைவோம். "விளையாட" என்று அவன் உண்மையைச் சொல்லிவிட்டாலோ நமது முகம் மாறிவிடுகிறது. வசதி படைத்தவர் வீட்டில் இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. நிலமும் செல்வமும் மட்டுமன்றி ஓய்வும் இச்சமுதாயத்தில் வர்க்கத்துக்கு வர்க்கம் பங்கிடப்பட்டிருக்கிறது. 1886ஆம் ஆண்டு மே மாதத்தில் சிக்காக்கோத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலை கோரி வீதியில் இறங்கியபோது, அவர்கள் கேட்டது வேலையின் குறைப்பை மாத்திரமன்று. வேலையும் உறக்கமும் போக எஞ்சும் பொழுது தமக்கே உரியது என்பதையுந்தான். அந்தப் பொழுதில் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

திருகோணமலை மாவட்டத்தின் தென்புறத்தில், ஈச்சிலம்பற்றுப் பகுதியில் அமைந்த கரையூர் இலங்கைத்துறை முகத்துவாரம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2006இல் மாவிலாற்று மதகைச் சாட்டாக வைத்து மூண்ட போரின் இடப்பெயர்வையும் இப்பகுதி மக்கள் அடுத்தடுத்துக் கண்டவர்கள். என்னிடம் உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் இவ்வூரவன். கடற்றொழிலாளியின் இளைய மகன். வார இறுதிகளிற் கரைவலை இழுத்து அவன் சேர்த்து வைத்திருந்த பணம் 36,000 ரூபா. வீட்டிலிருந்த பழைய கணினியில் விளையாட்டுகள் ஓடும்படி செய்ய வேண்டும் என்பது அவன் கோரிக்கை.

அவன் தந்தை என்னைக் காண வந்தார். "சேர், எஞ்சின் பழசாப்போச்செண்டு ஆரும் வள்ளத்தைக் கொளுத்துறதில்லை. போன சாமானை மாத்தினா ஓடும். அது எனக்கு விளங்குது. ஆனா இவன் விளையாடவெல்லோ கேக்கிறான். அதுக்கு நீங்களும் துணையோ?"

நான் மறுமொழி கூறாமல் வேறொன்று கேட்டேன். "அண்ணன், கத்தாரிலை இருக்கிற மூத்தவர் கிழமைக்கு ஒருக்கா எடுப்பாரே, எவ்வளவு நேரம் கதைப்பார்?"

"சுகமோ எண்டு கேப்பான். காசு வந்திட்டுதோ எண்டு கேப்பான். அதுக்குப் பிறகு என்ன கதை கிடக்கு, சேர்?"

மாணவனுடைய ஆசையின் வேர் இங்கேதான் இருந்தது. அண்ணனும் தம்பியும் கடற்கரை மணலில் பந்தடித்து வளர்ந்தவர்கள். டோகாவில் கட்டட வேலை செய்யும் அண்ணனிடம் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. பணம் கொடாமலே இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு கால்பந்து விளையாட்டில் இருவரும் வெள்ளிக்கிழமை இரவுகளில் எதிரெதிரே நின்று ஆட விரும்பினார்கள். இங்கே இரவு ஒன்பதரை ஆகும்போது அங்கே ஏழு மணி. வேறெங்கும் ஒன்றாக நிற்க இயலாத இருவருக்கு அந்தத் திரையின் புல்வெளி ஒன்றே எஞ்சியிருந்தது.

பெட்டியைத் திறந்தோம். அது டெல் ஒப்ரிபிளெக்ஸ் 7010. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த வகை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை மூத்தவன் படிப்புக்கென்று வாங்கியிருந்தார்கள். உள்ளே நான்கு கருக்களுடைய இன்ரெல் ஐ5-3470 புரொசெசர், 4 கிகாபைற்று நினைவகம், சுழலும் வன்தட்டு ஒன்று, 275 வாற்று மின்வழங்கி. கிரபிக்ஸ் காட் இல்லை. எங்கும் தூசி, உலோக முனைகளில் உப்புக் காற்றின் மங்கல்.

முதலிற் செய்த வேலைக்குச் செலவு மிகச் சொற்பம். தூசியைத் தட்டினோம். நினைவகத்தின் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தோம். புரொசெசருக்கும் அதன்மேல் அமரும் உலோக வில்லைக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்துப் புதிதாகப் பூசினோம். பசை காய்ந்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் மிகுந்தால் புரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'கிழடு தட்டிவிட்டது' என்று எறியப்படும் கணினிகளிற் பல உண்மையில் இந்தக் காய்ச்சலால் வருந்துபவையே.

அடுத்தது வன்தட்டு. அதனுள்ளே சுழலும் தட்டின்மீது ஒரு கை ஓடியோடித் தகவலைத் தேட வேண்டும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாத எஸ்எஸ்டி அந்த ஓட்டத்தை ஒழித்துவிடுகிறது. கணினி விழித்தெழும் நேரமும் விளையாட்டின் களம் திறக்கும் நேரமும் பெரிதும் சுருங்குகின்றன. மூன்றாவது நினைவகம்; கடைக்காரர் வாயில் 'ரம்'. இருந்த 4 கிகாபைற்றுத் துண்டோடு அதே வேகத்தில் இன்னொன்று சேர்ந்தால் மொத்தம் 8 என்பதோடு வேறொரு நன்மையும் உண்டு: ஒரு வாய்க்காலாக ஓடிய தகவல் இரு வாய்க்காலாக ஓடும். ஒரு துண்டுக்கு வினாடிக்கு 12.8 கிகாபைற்று என்பது இரண்டுக்கு 25.6 ஆகும்.

கடைசியாகக் கிரபிக்ஸ் காட். இங்கேதான் விளம்பரத்துக்கும் அறிவுக்கும் இடையே போர். பெரிய காட்டுகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனியே கம்பி வேண்டும். எமது பெட்டியில் அது இல்லை. தாய்ப்பலகையின் துளை தரவல்ல மின்வலு 75 வாற்று. அதற்குள் அடங்குவது, 2016இல் வந்த என்விடியா ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ; 4 கிகாபைற்றுத் தனி நினைவகம் கொண்டது. பழைய காட்டின்மீது புதிய பெயரை ஏற்றி விற்பவர்களும் சந்தையில் உண்டு. ஆதலால் பம்பலப்பிட்டியில் அதை வாங்கித் தந்த என் நண்பர், அரை மணிநேரம் ஓட்டிக் காட்டிய பின்னரே பணம் கொடுத்தார்.

கணக்கு இது: பாவித்த காட் 24,000, எஸ்எஸ்டி 8,500, பாவித்த ரம் துண்டு 2,000, பசையும் தூரிகையும் 600, பொதி அனுப்பிய செலவு 900. மொத்தம் 36,000 ரூபா. ஒளிரும் விளக்குகளோ புதிய புரொசெசரோ இக்கணக்கில் இல்லை. அதே தாய்ப்பலகையில் ஐ7-3770 பொருந்தும். எனினும் இந்த ஆட்டத்துக்கு அது இன்றியமையாததன்று.

இந்தச் சிறு தொகைக்குள் உலக வரலாறே அடங்கிக் கிடக்கிறது. 150 டொலர் பெறுமதியான ஒரு பண்டம் 2022இன் தொடக்கத்தில் எமக்கு ஏறத்தாழ 30,000 ரூபா. அவ்வாண்டு மார்ச்சில் ரூபாய் சரியவிடப்பட்டு, மே மாதமளவில் டொலர் 360ஐ எட்டியபோது அதுவே 54,000 ஆயிற்று. அந்தப் பிள்ளையின் தந்தை டொலரைக் கையாற் தொட்டவரல்லர்; ஆயினும் டொலரின் சுமை அவர் தோளிலும் விழுந்தது. அதற்கு முன்னரே, எண்முறை நாணயச் சூதாட்டக்காரர்கள் கிரபிக்ஸ் காட்டுகளைச் சுரங்கக் கருவிகளாக்கி அள்ளிச் சென்றதால் உலகெங்கும் தட்டுப்பாடு நிலவியது. 2022 செப்டெம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டதும், உழைத்துக் களைத்த காட்டுகள் பழைய பொருட் சந்தையில் வந்து குவிந்தன. 2025 டிசெம்பரில் அமெரிக்காவின் மைக்ரோன் நிறுவனம், சாதாரண நுகர்வோருக்குக் குருஷியல் என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்கள் அதைவிட இலாபந் தரும் வாடிக்கையாளர்கள். எவர் மேசைக்கு நினைவகம் போய்ச் சேர வேண்டுமென்பதைத் தேவை தீர்மானிக்கவில்லை, இலாபமே தீர்மானிக்கிறது.

இயங்கும் பொருளை இறந்ததாக அறிவிக்கும் தந்திரமும் இதனோடு சேர்ந்ததே. 1924இல் ஜெனீவாவில் கூடிய மின்குமிழ் முதலாளிகள் பீபஸ் என்ற கூட்டமைப்பை நிறுவி, குமிழின் ஆயுள் 1,000 மணிநேரத்தைத் தாண்டலாகாது என்று தமக்குள் விதி செய்துகொண்டார்கள். இன்று குமிழைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆதரவை நிறுத்தினாற் போதும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. வின்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புரொசெசர்த் தலைமுறையும் 2012ஆம் ஆண்டின் பெட்டியில் இல்லை. பெட்டி ஓடுகிறது, ஆனால் அது காலாவதியானதாம்! உலகம் 2022ஆம் ஆண்டில் மட்டும் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவைக் கக்கியது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் கால்பங்குக்கும் குறைவு. எஞ்சியதன் நஞ்சைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏழை நாடுகளின் ஏழைகளே.

மாற்று வழி இல்லாமலில்லை. உலகெங்குமுள்ள நிரலாளர் பலர் கூடி வளர்க்கும் லினக்ஸ் இப்பெட்டியில் நன்றாகவே ஓடும். 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டன் என்னும் மென்பொருளால் வின்டோஸ் விளையாட்டுகள் பலவும் அதில் இயங்குகின்றன. எல்லாமும் இயங்கா, சில இணைய விளையாட்டுகளின் மோசடித் தடுப்புக் காவல் லினக்ஸை வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த உண்மையையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அண்ணனும் தம்பியும் ஆடத் தொடங்கிய மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் இடையே, பந்து வெளியே போன ஒரு கணத்தில், தனக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று அண்ணன் சொன்னானாம். தாயிடம் தொலைபேசியில் அவன் அதைச் சொன்னதில்லை. தந்தையிடம் சொல்ல அவனுக்கு நா எழுந்ததில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாததை, இருவர் கண்களும் ஒரு பந்தின்மேல் இருந்தபோது சொல்ல முடிந்தது. பின்னிருந்து கேட்ட தந்தை அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் என்னிடம் வந்து, சம்பளம் கேட்டு முறைப்பாடு எழுதுவது எப்படியென்று விசாரித்தார். "நல்லதாப் போச்சு, சேர். இல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிராது" என்றார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். இதை எழுதும் இந்நேரம் வரை மறுமொழி வரவில்லை.

விளையாட்டு மனிதரைச் சோம்பேறியாக்கும் என்று உபதேசிப்பது எளிது. நேரத்துக்கு அளவு வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. அவனும் நானும் அதைப் பேசியே வைத்திருக்கிறோம். ஆனால் கரைவலைக் கயிற்றில் உள்ளங்கை காய்த்த பிள்ளையிடம் உழைப்பின் பெருமையை விளக்குமுன், நாம் சற்றுத் தயங்க வேண்டும். இப்பொழுது அவன் அயல் வீடுகளின் பழைய கணினிகளையும் திறந்து பசை பூசிக் கொடுக்கிறான். எமது பாடசாலைகளின் மூலைகளில் மூடிக் கிடக்கும் பெட்டிகளையும் இவ்வாறு திறக்கலாம். அதற்குத் திருப்புளி ஒன்றும், அழிறப்பர் ஒன்றும், பிள்ளைகளை நம்பும் ஆசிரியர் ஒருவரும் போதும்.