நான்கு நாள், ஒரே தீவு

மணவாள நகரிலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் வேலை பார்க்கிற குடும்பத்துக்கு லீவு என்பது, ஷிப்ட் பட்டியலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒத்துப்போகிற சில நாட்கள்தான். பொங்கலை ஒட்டி நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த நான்கு நாளில் அந்தமான் போய்வர முடியும். திருப்பெரும்புதூர் சாலையைப் பிடித்து மீனம்பாக்கம் போய்விட்டால், அங்கிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊருக்கு, விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். ஆனால் இந்த நான்கு நாளுக்குள் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக், நீல் என்று மூன்று இடங்களையும் திணித்து, ஸ்கூபா டைவிங்கை ஏதோ ஒரு மூலையில் செருகிவிடுகிறார்கள். இது தவறான திட்டம் என்பது என் உறுதியான கருத்து. குறுகிய பயணத்துக்கு ஒரு தீவு போதும். கடலுக்குள் இறங்குவது இரண்டாம் நாள் காலையில் இருக்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஹேவ்லாக், 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய தீவு, தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுப் படகு இன்னும் மெதுவாகப் போகும். ஆனால் படகில் இருக்கும் நேரம் மட்டும் பயண நேரம் ஆகாது. அறையைக் காலி செய்வது, ஜெட்டிக்கு முன்கூட்டியே போய்ப் பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுப்பது, இறங்கியபின் ஆட்டோ பிடித்து அடுத்த விடுதிக்குப் போவது என்று ஒவ்வொரு தீவு மாற்றத்திலும் அரை நாள் கரைந்துவிடும். பாட்டியும் சிறு பிள்ளையும் கூட வந்தால் அதற்கும் மேல். அந்தமானில் பொழுது வேறு சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. நம் கடிகார நேரத்தையே வைத்துக்கொண்டு நமக்கு வெகு கிழக்கே இருப்பதால், டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். காற்று பலமாக இருந்தால் படகே ரத்தாகும். மூன்று தீவுத் திட்டத்தில் ஒரு படகு நின்றாலும் மற்றதெல்லாம் குலைந்துபோகும்.

இதைவிட வலுவான காரணம் உடம்பு. நீருக்கடியில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. சுவாசிக்கிற காற்றில் உள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்தபின் அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுவதால், டைவ் செய்த கையோடு விமானம் ஏறினால் அந்த நைட்ரஜன் குமிழ்களாகி மூட்டுவலியில் தொடங்கி முடக்கம் வரை கொண்டுபோய்விடலாம். ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது என்பது டைவிங் மருத்துவர்கள் சொல்லும் விதி. கடைசி நாள் காலையில் டைவ், பிற்பகலில் சென்னை விமானம் என்ற திட்டம் இதை மீறுகிறது. இரண்டாம் நாள் இறங்கினால் அந்தக் கவலையே இல்லை. அன்று கடல் சரியில்லை என்றால் மூன்றாம் நாள் காலையும் கையில் இருக்கும். நான்காம் நாள் விமானத்துக்கு அப்போதும் போதிய இடைவெளி உண்டு.

முதல் டைவ் அவசரத்தில் செய்கிற காரியமும் அல்ல. இடுப்பளவு நீரில் மண்டியிட்டு, வாயில் ரெகுலேட்டரைக் கடித்தபடி மூச்சுவிடப் பழக வேண்டும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதடைப்பை விடுவிக்க வேண்டும். முதல் சில மீட்டரில்தான் காது அதிகம் வலிக்கும். மாஸ்க்குக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றத் தெரிய வேண்டும். கட்டை விரலை உயர்த்தினால் அங்கே ‘சூப்பர்’ என்று பொருளல்ல, ‘மேலே போகலாம்’ என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். படகைப் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் இருப்பவர் மனதில் இதில் எதுவும் தங்காது.

இவ்வளவு செலவு செய்து போய் ஒரே தீவையா பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், வருடக்கணக்கில் சேர்த்த பணம். ஆனால் அந்தப் பணத்தில் ஜெட்டி வரிசைக்கும் பெட்டி தூக்குவதற்கும் எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் நண்பகலுக்கு மேல் படகில் திரும்பினால் கடைசி இரவு ஸ்ரீ விஜயபுரத்தில் கழியும். விமான நேரம் இடம் கொடுத்தால் செல்லுலார் சிறையையும் பார்க்கலாம். நீச்சல் தெரியாதே என்பது அடுத்த தயக்கம். பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு வரும் அறிமுக டைவுக்கு ஹேவ்லாக்கில் நீச்சல் தெரியாதவர்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பொதுவாகப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம் இருப்பவர்கள் இறங்கக் கூடாது. தூசியும் புகையும் உள்ள பிரிவில் வேலை செய்து இளைப்பு வருகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இறங்காதவர்களுக்கும் அந்த நாள் வீணாகாது. கரையில் நிழலும் மணலும் இருக்கின்றன, மாலையில் ராதாநகர் கடற்கரை இருக்கிறது.

பக்கத்திலேயே தீவுகள் இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் என்றும் கேட்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் குடும்பத்தோடு போய்த் தங்க முடியாது. தங்கவிடக் கூடாது என்பதே சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் இத்தகைய தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளம் ஓர் உயிர். 2010 கோடையில் கடல் சூடேறியபோது அந்தமான் பவளப்பாறைகள் பெருமளவு வெளிறிப்போயின. அவை மீண்டு வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். காலால் மிதித்தாலும் கையால் தொட்டாலும் அந்த வளர்ச்சி தடைபடும். நினைவுக்காக ஒரு துண்டு எடுத்துவருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆகவே இந்தப் பொங்கல் லீவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பயண ஏஜென்ட்டிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: டைவ் எந்த நாள், திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு? இடையில் ஒரு முழு நாள் இல்லை என்றால் திட்டத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். டைவ் சென்டரில் தரும் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.