கருணை அடிப்படையில்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபை நூலகம் என்பது ஞாயிறு பள்ளி அறையில் நின்ற ஒரு இரும்பு பீரோ. அதன் கீழ்த்தட்டில் யாரோ விட்டுச்சென்ற ஆங்கில நாவல்கள் இருந்தன. அட்டையில் கோதுமை வயல், கூண்டு வண்டி, தலையில் துணித்தொப்பி கட்டிய பெண். பதினேழு வயதில் அவற்றில் ஒன்றை, ஜேனெட் ஓக் 1979இல் வெளியிட்ட ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’யை, இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன்.

மேற்கே நிலம் தேடிப் போன இடத்தில் மார்ட்டியின் கணவன் இறந்துபோகிறான். அவள் கர்ப்பிணி. அடக்கம் நடந்த அன்றே கிளார்க் என்பவன் வந்து நிற்கிறான். தாயில்லாத என் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பேருக்குக் கல்யாணம் செய்துகொள்வோம், பிடிக்காவிட்டால் வசந்தத்தில் ஊர் திரும்பச் செலவு தருகிறேன் என்கிறான். கல்யாணம் நடக்கிறது. அவளுக்குச் சமைக்கத் தெரிந்தது பான்கேக் மட்டும். வேளாவேளைக்கு அதையே வைக்கிறாள். அவன் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறான், ஜெபிக்கிறான், காத்திருக்கிறான். காதலும் கர்த்தரும் ஒன்றாக வந்து சேர்கிறார்கள்.

அழுதேன். எனக்கும் ஒரு கிளார்க் வேண்டுமென்று முழங்காலிட்டேன். இதை ஒப்புக்கொள்ள நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்ததில் ஒரு குத்தல் இருந்தது. அப்பா இறந்தபோது அவளுக்கு முப்பத்தொன்று. மனைவியை இழந்த தன் உறவினர் ஒருவருக்காகச் சபை மூப்பர் மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டார். “பிள்ளைக்கு ஒரு நிழல் வேணும்ல” என்பார். அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதற்குள் அவளுக்கு ரயில்வேயில் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்திருந்தது.

பார்க் ஸ்டேஷன் வரை லோக்கலில் போகும்போதும் வரும்போதுமாகப் பத்து நாளில் படித்தாள். “அந்தப் பொண்ணுக்கு ஒரு உத்தியோகம் இருந்திருந்தா ரெண்டாவது அதிகாரத்துலயே கதை முடிஞ்சிருக்கும்டி” என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது.

அவள் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்பது பிறகுதான் தெரிந்தது. 1862இல் வந்த அமெரிக்கக் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே கேட்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. தாலி ஏறினால் புதிதாக நிலம் கேட்கும் உரிமை போச்சு, அவ்வளவுதான். அந்த நிலமும் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதற்கு நான் படித்த அந்தக் காதல் கதைகளில் இடமே இல்லை. கிளார்க்கின் நல்ல மனசுக்கு இத்தனையும் மறைந்திருக்க வேண்டியிருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வின்போது கிருபாபாய் சத்தியநாதனிடம் வந்தேன். சென்னையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, உடல்நலம் கெட்டுப் பாதியில் நின்ற கிறித்தவப் பெண். அவரது ‘சகுணா’ 1887–88இல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் இதழில் தொடராக வந்தது. 1937இல் தாம்பரத்துக்கு வந்த அந்தக் கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ‘கமலா’ வெளியான 1894இலேயே அவர் இறந்துபோனார், முப்பத்திரண்டு வயதில். அந்த நாவலில் இளம் விதவை கமலாவை நேசிப்பவன் மணக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். வகுப்பில் மாணவிகள் ஒவ்வொரு வருடமும் சண்டைக்கு வருவார்கள். அவளை மறுக்கவைத்தது வழிவழியாக வந்த கட்டுப்பாடு என்று விளக்குவேன். விளக்கும்போதே அம்மா நினைவுக்கு வருவாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மறுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் கையில் மாதச் சம்பளம் இருந்தது.

அப்படித்தான் நினைத்திருந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: “அந்த மனுஷன் எப்படிம்மா, நல்லவரா?”

“மூணாவது தடவை அவரும் கூட வந்திருந்தார். டீ குடிச்ச டம்ளரை அவரே எடுத்துட்டுப் போய்க் கழுவி வச்சார்.” அம்மா அச்சில் அடுத்த உருண்டை மாவை வைத்தாள். “ரெண்டு நாள் தூக்கமே வரல.”