குப்பி விளக்கும் அழுத்தமானியும்

கெம்பஸுக்கு வந்த புதிதில் ஒரு சீனியர் அக்கா, "இன்னைக்கி அஞ்சு மணிக்கு குப்பி இருக்கு, வந்துருங்க" என்று சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எக்ஸாமுக்கு முன்னால், பாடம் விளங்கிய ஒருவர் விளங்காத பத்துப் பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று பெயர். சிங்களப் பிள்ளைகளும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி போட்டு எரிக்கும் குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர். விரிவுரையாளர்கள் சிலர் 2021 முதல் 'தி ஐலண்ட்' பத்திரிகையில் எழுதும் பத்திக்குக்கூட 'குப்பி டோக்' என்றுதான் தலைப்பு.

நாங்கள் சிரித்ததற்குக் காரணம், பெயர் தெரியாமலே அதை ஒரு வருடம் செய்திருந்தோம். அதுவும் நிஜக் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு.

நாங்கள் ஐந்து பேர். உயர்தரம் கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம். இரண்டு பேர் கண்டி டவுன், ஒருவர் ஹந்தானை, ஒருத்தி கலஹா பக்கம் தோட்டம், மற்றவரின் வீடு ஹிந்தகலையில். கலஹா பஸ் பேராதனைக் கெம்பஸை ஊடறுத்துத்தான் ஹிந்தகலைக்குப் போகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் டியூஷன் முடிந்து அந்த பஸ்ஸில் கெம்பஸைக் கடந்து போய், அந்த வீட்டு விறாந்தையில் உட்காருவோம். எங்கள் ஸ்கூலில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்தார்கள். மிச்சத்தை யாழ்ப்பாணத்து சேர் ஒருவரின் சூம் வகுப்பில் பிடித்தோம், டேட்டா இருந்த நாட்களில்.

அது 2022. எங்கள் பரீட்சை 2023 ஜனவரி 23இல் தொடங்குவதாக இருந்தது. அந்தக் கடைசி மாதங்களில் ராத்திரி மின்வெட்டு பெரும்பாலும் 1 மணி 20 நிமிடம். பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் 50 எம்சிகியூ, இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஆகவே ஒரு மின்வெட்டுக்கு 33 கேள்வி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஒருநாளும் 33 செய்ததில்லை. பன்னிரண்டாவது கேள்வியிலேயே சண்டை தொடங்கிவிடும். விளக்கும் சும்மா எரியவில்லை. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்டில் 340 ஆகியிருந்தது. திரியைக் கொஞ்சம் உயர்த்தினாலே ஹிந்தகலை வீட்டு அம்மா கதவுக்குப் பின்னால் இருமுவார்.

சண்டையில் பாதி தமிழ்ச் சண்டை. விளங்காத பாடத்துக்கு யூடியூபில் தமிழ்நாட்டு வீடியோ பார்ப்போம். நல்லாத்தான் சொல்லித் தருவார்கள். ஆனால் அவர்களுடைய 'நிறை' எங்களுக்குத் 'திணிவு'. எங்களுக்கு 'நிறை' என்றால் கிலோகிராமில் இல்லை, நியூட்டனில் வருவது. அதை அவர்கள் 'எடை' என்கிறார்கள். அவர்கள் 'வேகம்' என்று சொல்வது எங்கள் 'கதி'. எங்கள் 'வேகம்' அங்கே 'திசைவேகம்'. முடுக்கம் என்பது எங்கள் ஆர்முடுகல்தான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் போனது. ஹந்தானைக்காரன் ஒரு பயிற்சிப் பேப்பரில் நிறை என்று கொடுத்த இடத்தில் மறுபடியும் 10ஆல் பெருக்கி, முழுக் கணக்கையும் பிழையாக்கிவிட்டு, "நான் இந்தியத் தமிழ்ல சரி" என்றான். அன்றைக்கு ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாகக் கோடு பிரித்து எழுத ஆரம்பித்தோம்: அங்கே மின்தேக்கி, இங்கே கொள்ளளவி. எங்கள் குப்பியில் மிஞ்சிய ஒரே 'வெளியீடு' அந்தக் கொப்பிதான்.

எங்களில் பௌதிகவியல் விளங்கியது கலஹாக்காரிக்குத்தான். விளங்கியது என்பதைவிட, எங்களுக்கு முந்திய நாள்தான் அவளுக்கு விளங்கியிருக்கும். அழுத்தமானியை அவள் சொல்லித் தந்தது மறக்காது. கல்வனோமானியில் ஓட்டமே இல்லை என்றால் நாம் எதை அளக்கிறோம் என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. சூம் வகுப்பில் கேட்க வெட்கப்பட்டு எல்லோருமே விழுங்கிய கேள்வி.

"எங்க லயத்துல ரெண்டு தண்ணி பீப்பா இருக்கு" என்றாள். "அடியில ஒரு ஹோஸ் போட்டு இணைச்சா, எப்ப தண்ணி ஓடாது?"

"ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தா."

"சரி. ஒரு பீப்பாவுல அளவுக்கோடு போட்டிருக்கு. இப்ப மத்த பீப்பாவத் தெறக்காமலே அதோட மட்டத்தச் சொல்லிரலாம்ல? ஒரு சொட்டு எடுக்காம. வோல்ற்றுமானி அப்படி இல்ல, கொஞ்சம் எடுத்துத்தான் பாக்கும். எடுத்தா மட்டம் எறங்கிரும்."

மின்னியக்க விசைக்கும் முடிவிட அழுத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்தப் பீப்பாயில்தான் எங்களுக்கு விளங்கியது. பிறகு, இங்கே கல்வியியல் பாடத்தில் எரிக் மசூர் பற்றிப் படித்தோம். ஹார்வர்டில் பௌதிகவியல் படிப்பித்தவர். 1990களின் தொடக்கத்திலிருந்து வகுப்பின் நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லிவிடுவாராம். 1997இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இப்போதுதான் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு எந்த இடத்தில் தடுக்கும் என்பது நினைவிருக்கும், வருடக்கணக்காகப் படிப்பிப்பவருக்கு அது மறந்து போயிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். லெக்சர் ஹோலில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பீப்பா!

ஆனால் மசூரின் வகுப்பில் ஸீ-ஸ்கோர் இருந்ததா தெரியாது. டிசம்பரில் ஒருநாள் பொறியியல் கனவோடு இருந்த டவுன்காரன் திடீரென்று கேட்டான்: "நீ சொல்லிக் குடுத்து நான் மேல போனா, ஒனக்குத் தானேடி அடி?"

யாரும் பேசவில்லை. கேள்வி பிழையில்லை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் தரவரிசையில் போகும். 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மீதி 5 வீதம் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, கண்டி இல்லை. கலஹாத் தோட்டத்து லயத்தில் இருந்து எழுதுகிற பிள்ளையும், டவுனில் பெயர்போன ஸ்கூலில் லாப் வசதியோடு எழுதுகிற பிள்ளையும் ஒரே கண்டி வரிசையில்தான் நிற்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் அதே வரிசை. உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தது போட்டியாளருக்கு.

அவள் கொஞ்ச நேரம் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லிக் குடுக்கலன்னா எனக்கே மறந்துரும்டா. இருபத்தி நாலாவது கேள்விய வாசி" என்றாள்.

ரிசல்ட்ஸ் வந்தபோது அவன் மாவட்ட வரிசையில் அவளுக்கு மேலே. அவனுக்குப் பொறியியல் பீடம் கிடைத்தது, மகாவலிக்கு அந்தக் கரையில். அவள் பொறியியலைத் தவறவிட்டு, பௌதிக விஞ்ஞானத்துக்கு வந்தாறுமூலை போனாள். அவளுக்குப் பௌதிகவியலில் ஏ. விழுந்தது இரசாயனவியலில். அதற்கு எங்கள் குப்பியில் ஆளே இல்லை. ஆகவே எங்களால்தான் போனது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமைகளில் எங்களோடு கத்தாமல் அவள் இரசாயனவியலைப் பார்த்திருக்கலாம் என்று அவன் ஒருதடவை சொன்னான். அவளிடம் சொன்னானா என்று நாங்கள் கேட்கவில்லை.

மீதி மூன்று பேரான எங்களுக்குப் பௌதிகவியல் எஸ், எஸ், எஃப். செகண்ட் ஷை கலைப்பிரிவில் எழுதி இங்கே வந்து சேர்ந்தோம். பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போன கட்டடங்களுக்குள் இப்போது நாங்கள். பீப்பாவைத் தவிர மற்றதெல்லாம் மறந்துகொண்டு வருகிறது.

அவளுடைய தம்பி இந்தத் தடவை உயர்தரம், அதே கணிதப் பிரிவு. பொறியியல்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கலஹா பஸ் ஏறிப் போகிறான். யாரும் போகச் சொல்லவில்லை. முடிந்த நாட்களில் நாங்களும் தொற்றிக்கொள்வோம். எங்கள் வேலை, எம்சிகியூவுக்கு நேரம் பிடிப்பதும் அந்தக் கொப்பியைப் பத்திரமாகக் கொண்டு போய்க் கொடுத்ததும்தான்.

போன கிழமை தம்பி அழுத்தமானியில் நின்றுவிட்டான். பொறியியல்காரன் கடகடவென்று மூன்று சமன்பாடு எழுதினான். சரியான சமன்பாடுகள். தம்பி தலையாட்டினான், நாங்கள் சூம் வகுப்பில் ஆட்டியது மாதிரியே. அவன் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, அதே மூன்றையும் எழுதினான். நாங்கள் பீப்பாவைச் சொல்லத் தொடங்கி, வோல்ற்றுமானி வரும் இடத்தில் குழம்பி நிறுத்தினோம்.

கடைசியில் வந்தாறுமூலைக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தோம்.