கூண்டுக் கிளி

மதுரையில் வைகையின் வடகரையில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் 11 ஆண்டுகள் ஒரு பச்சைக்கிளியை வளர்த்து வந்தார். கணவரை இழந்த ஆண்டில், இறகு நிரம்பாத குஞ்சாக அதனை விலைக்கு வாங்கினார். ஊறிய கடலையை மசித்து ஊட்டிக் காப்பாற்றினார். பேரன் தம்மை அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, அக்கிளியும் நாளடைவில் ‘அப்பத்தா’ என்று அழைக்கக் கற்றது. விடியலில் அவ்வழைப்பைக் கேட்ட பின்னரே அவர் பாயினின்றும் எழுவார்.

கிளி தமிழ் மக்களின் நெஞ்சில் நெடுங்காலமாக இடம்பெற்ற பறவை. மதுரை மீனாட்சியம்மையின் கையில் கிளி உண்டு. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நாள்தோறும் இலைகளால் புதிய கிளி செய்து சாத்துவர். இத்துணை அன்பு பாராட்டியும், கூண்டிலுள்ள கிளி அங்கு வந்த வழி யாது என வினவியவர் சிலரே. பச்சைக்கிளி மரப்பொந்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. அப்பொந்தினுள் கைவிட்டுக் குஞ்சுகளைக் கவர்ந்து வந்தே விற்கின்றனர். 1972ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்று இக்கிளியைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வளர்ப்பதையும் தடுக்கின்றது.

பள்ளியில் இதனைக் கேட்டறிந்த பேரன் வீட்டில் உரைத்தான். மூதாட்டியார் வெகுண்டார். “நான் களவா செய்தேன்? காசு கொடுத்தன்றோ வாங்கினேன்!” என்றார். அக்காசுதான் பொந்தினுள் கையை நுழைத்தது என்பதை அவர் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

இரவு முழுதும் உறக்கம் வரவில்லை. காலையில் எழுந்து, தாமே கூண்டின் கதவைத் திறந்து வைத்தார். கிளி தத்தித் தத்தி வெளியே வந்தது. சுவர்மீது ஏற முயன்று விழுந்தது. அதன் சிறகுகளை ஆண்டுதோறும் நறுக்கி வந்தவர் அவரே. காகங்கள் இரண்டு கரைந்துகொண்டு அருகில் இறங்கின. கிளி அஞ்சி ஓடிக் கூண்டினுள் புகுந்துகொண்டது. மூதாட்டியார் நெடுநேரம் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை.

மறுநாள் பேரன் கூண்டைச் சுமக்க, இருவரும் வனத்துறை அலுவலகம் சென்றனர். அங்கிருந்த அலுவலர் கடிந்துரைக்கவில்லை. “நறுக்கிய இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்க வேண்டும், அம்மா. அதுவரை பெரிய கூண்டில் மற்றக் கிளிகளோடு இருந்து பறக்கப் பழகும். பழகாவிடின் இறுதிவரை அங்கேயே பேணப்படும்” என்றார்.

“என்னை அழைக்குமே?”

அலுவலர் சிறிது தயங்கினார். “அதை மறந்தால்தான் நல்லது. மனிதரைத் தேடி வரும் கிளி மீண்டும் யார் கையிலேனும் அகப்பட்டுக்கொள்ளும்.”

மூதாட்டியார் தலையசைத்தார். பின்னர், அது மிளகாய்ப் பழத்தை விரும்பி உண்ணும் என்றும், இடியோசைக்கு அஞ்சும் என்றும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டினார். படிவத்தில் அதற்கு இடமில்லை. அலுவலர் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். வெறுங்கூண்டை வீட்டிற்குக் கொண்டு செல்லப் பேரன் எடுத்தான். அவர் அதனை வாங்கி அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் விடியலில் பேரன் வந்து, “அப்பத்தா” என்று அழைத்தான். அவர் முன்னரே விழித்திருந்தார்.