குன்றத்தில் பூஜை... அதற்கு முன்னே பேரம்!

மதுரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் திருப்பரங்குன்றம். முருகன் தெய்வானையை மணந்த முதல் படைவீடு. கல்யாணம் முடிக்க வரும் குடும்பங்களுக்கு நடுவே, வண்டிக்குப் பூஜை போட வருபவர்களும் உண்டு. அதில் செகண்ட் ஹேண்ட் கார்களும் சேர்த்தி. டயருக்கு அடியில் எலுமிச்சை வைப்பதற்குள் அந்தக் குடும்பம் பெரிய பேரம் ஒன்றை முடித்திருக்கும்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கார் பேரத்தில் காகிதம்தான் பேசும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. 15 வருடத்தை நெருங்கும் கார் என்றால், பதிவைப் புதுப்பிக்கும் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். இன்ஷூரன்ஸ் 'நோ க்ளெய்ம் போனஸ்' விற்பவருக்கே சொந்தம். அதைக் காட்டி அவர் விலையை ஏற்ற முடியாது.

விலை படிந்ததும் படிவம் 29, 30-ல் கையெழுத்து. இதில் விற்பவருக்குத்தான் அவசரம் வேண்டும். பல கை மாறிய கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவியைக் கொடுத்தால் மட்டும் கார் கைமாறிவிடாது, ஆர்.சி.யில் பெயரும் மாற வேண்டும்!